பன்னிரண்டாவது விடுமுறை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "நீங்க ரெயூனியன் போய் வந்தீங்களாமே, நம்ம ரீயூனியன்ல அதைப் பத்திப் பேசுங்களேன்" என்றார். பெயர்ப் பொருத்தம் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தத் தீவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கும் பழைய மாணவர்கள் கூடி சாம்பார் சாதம் சாப்பிடுவதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சு மன்னர் குடும்பத்தின் பெயரில் பூர்போன் தீவு என்றிருந்ததை, 1793-இல் புரட்சிக்காரர்கள் மாற்றினார்கள். முந்தின ஆண்டு மார்செய்யிலிருந்து வந்த புரட்சிப் படையும் பாரிஸ் தேசியக் காவல் படையும் ஒன்றுசேர்ந்து அரண்மனையைத் தாக்கியதன் நினைவாக 'ஒன்றுகூடல்' என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் நெப்போலியன் காலத்தில் போனபார்ட் தீவு. வெள்ளைக்காரன், அதாவது இங்கிலீஷ்காரன், 1810-இல் பிடித்தபோது மறுபடி பூர்போன். 1848-இல் மறுபடி ரெயூனியன். நம் தெருக்களுக்குப் பெயர் மாற்றுகிற மாதிரிதான்.

என் மகளும் மாப்பிள்ளையும் அங்கே இருக்கிறார்கள். மாப்பிள்ளை காரைக்கால் பக்கம். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். தலைநகர் சேன் தெனியில் வேலை. வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் இரண்டு தடவை போய், மொத்தம் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கிறோம். நம்ம ஊரில் படித்தவன் என்பதால் எனக்கு பிரெஞ்சு கொஞ்சம் வரும். அந்த ஒரு வருஷத்தில் நான் கவனித்துப் பார்த்தது அவர்களுடைய விடுமுறை நாட்களை. ஓய்வு பெற்றவன் அடுத்தவனுடைய லீவைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவனுக்கு, வருஷம் பிறந்ததும் காலண்டரில் சிவப்பு எழுத்தை எண்ணுகிற பழக்கம் போகாது.

தீவு எங்கே இருக்கிறது என்று மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே. மொரீஷியஸ் பக்கத்து வீடு, சுமார் 200 கிலோமீட்டர். பரப்பு 2,500 சதுர கிலோமீட்டர். நடுவில் மூவாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை, ஒரு மூலையில் அடிக்கடி கக்கும் எரிமலை. 1946 மார்ச் 19 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம் மாதிரி. பாரிஸ் சட்டம் அங்கேயும் சட்டம், பாரிஸ் நாணயம் அங்கேயும் நாணயம். ஆகவே பாரிஸ் விடுமுறையும் அங்கேயும் விடுமுறை.

பிரான்சில் பொது விடுமுறை பதினொன்று. புத்தாண்டு, மே தினம், இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில் முடிந்த மே 8, பஸ்தீய் சிறை வீழ்ந்த ஜூலை 14, முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11. இந்த ஐந்தும் அரசாங்கத்து நாட்கள். மீதி ஆறு தேவாலயத்து நாட்கள்: ஈஸ்டர் திங்கள், ஏசு விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே திங்கள், ஆகஸ்டு 15 மாதாவின் விண்ணேற்பு, நவம்பர் 1 சகல புனிதர்கள் நாள், கிறிஸ்துமஸ். அரசுக்கு மதம் இல்லை என்று 1905-இல் சட்டம் போட்ட நாடு. ஆனால் காலண்டரில் பாதிக்கு மேல் சர்ச் மணி அடிக்கிறது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அது மதம் இல்ல மாமா, பழக்கம்" என்றார். பழக்கம் எது, மதம் எது என்று யார் பிரிப்பது என்பதைப் பற்றித்தான் நான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இந்தப் பதினொன்றையும் அப்படியே தூக்கித் தென்கோளத்தில் வைத்தால் சில வேடிக்கை நடக்கிறது. அங்கே பருவம் தலைகீழ். கிறிஸ்துமஸ் நல்ல கோடையில் வருகிறது. மயில்கொன்றை மரமெல்லாம் ரத்தச் சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். தெருவோரம் கொத்துக் கொத்தாக லிச்சிப் பழம். கடை ஜன்னலில் மட்டும் பஞ்சு ஒட்டி பனி என்று வைத்திருப்பார்கள். ஜூலை 14-க்கு மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வாணவேடிக்கை பார்ப்பார்கள். அதே மாதம்தான் கரும்பு வெட்டு தொடங்கும். ஈஸ்டர் அவர்களுக்கு இலையுதிர் காலத்துத் தொடக்கம், கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மூன்று நாளும் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடாரம் அடித்துவிடுகிறார்கள். சவுக்குத் தோப்பில் அடுப்பு மூட்டி, அண்டாவில் கறி, சோறு, பருப்பு எல்லாம் அங்கேயே. நம்ம காணும் பொங்கல் மாதிரி இருந்தது. 2025 ஜூலையில் அன்றைய பிரதமர் பிரான்சுவா பைரூ, பட்ஜெட் துண்டு விழுகிறது, ஈஸ்டர் திங்களையும் மே 8-ஐயும் விடுமுறையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். செப்டம்பரில் அவர் அரசாங்கமே போய்விட்டது, யோசனையும் கூடவே போனது. அண்டாக்காரர்கள் பிழைத்தார்கள்.

இதைவிட வேடிக்கை பெந்தெகொஸ்தே திங்கள். 2003 ஆகஸ்டில் பிரான்சில் கடுமையான வெப்ப அலை அடித்து, சுமார் 15,000 பேர், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள், இறந்துபோனார்கள். குடும்பங்கள் கோடை விடுமுறைக்குப் போயிருந்த நேரம். நாட்டுக்கே பெரிய வெட்கமாகிவிட்டது. அடுத்த வருஷம் ஒரு சட்டம்: எல்லாரும் வருஷத்தில் ஒரு நாள் கூடுதல் சம்பளம் இல்லாமல் வேலை செய்ய வேண்டும், அதற்காக முதலாளிகள் கட்டும் பணம் முதியோர், ஊனமுற்றோர் பராமரிப்புக்குப் போகும். அந்த நாளாக பெந்தெகொஸ்தே திங்களைப் பிடித்தார்கள். ஆட்சேபம் கிளம்பி, 2008-இல் எந்த நாளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தினார்கள். ஆகவே அந்தத் திங்கள் காலண்டரில் சிவப்பு, சிலருக்கு வேலை நாள். இது ரெயூனியனுக்கும் பொருந்தும். ஆகஸ்டில் அங்கே குளிர்காலம்! தாத்தா பாட்டிகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிற ஜனங்கள். பாரிஸ் வெயிலுக்குப் பரிகாரமாகப் பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு நாள் கூலி போகிறது. நான் குறை சொல்லவில்லை, பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது. ஆனாலும் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

பட்டியலில் இல்லாத ஒரு கட்டாய விடுமுறையும் உண்டு. புயல். சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டால் யாரும் தெருவில் கால் வைக்கக் கூடாது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது அதற்கும் மேலே ஊதா எச்சரிக்கை கொடுத்தார்கள். மீட்புப் படையே வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அர்த்தம். தானே புயலில் கூரை பறிகொடுத்த நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 11 பற்றி ஒரு வரி. போர் நினைவுச் சின்னத்துக்குப் பூமாலை வைப்பார்கள். 1918 அக்டோபரில், போர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது விமானத்தோடு விழுந்து இறந்த ரோலாண் காரோஸ் அந்தத் தீவில் பிறந்தவர். டென்னிஸ் பார்க்கிற மாணவர்களே, அந்தப் பெயர் ஒரு டென்னிஸ்காரருடையது என்று நினைத்திருந்தால் இன்றோடு திருத்திக்கொள்ளுங்கள். சேன் தெனி விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான்.

இப்போது நவம்பர் 1. இது நம்மையும் தொடுகிற நாள். புதுச்சேரியில் இருக்கிற நமக்கு நவம்பர் 1 என்றால் விடுதலை நாள். 1954-இல் அன்றுதான் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது. அதே தேதியில் ரெயூனியனில் கல்லறைத் திருவிழா. முந்தின வாரமே கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, புல் பிடுங்கி, பூந்தொட்டி வைத்துவிடுகிறார்கள். என் மகள் குடியிருக்கும் தெருவில் ஒரு மல்பார் குடும்பம். அங்கே தமிழ் வம்சாவளியினரை மல்பார் என்றுதான் சொல்கிறார்கள். மலபாருக்கும் அவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் எந்த உறவும் கிடையாது, சோழமண்டலக் கரையில் கப்பல் ஏறியவர்கள்தான். அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரனுக்குத் தென்னிந்தியா முழுக்க மலபார், அவ்வளவுதான். அந்த வீட்டம்மா காலையில் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போனார். சாயங்காலம் வீட்டில் இலை போட்டு, முன்னோர்களுக்குப் படையல் வைத்தார். அந்தச் சடங்குக்கு என்ன பெயர் என்று கேட்டேன். 'சம்ப்ளானி' என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. உள்ளே தணல் கொண்டுவந்து பொடியைத் தூவினார்கள். புகை வந்ததும் புரிந்துபோயிற்று. சாம்பிராணி! நூற்றைம்பது வருஷத்தில் ரகரம் லகரமாகி இருக்கிறது, வாசனை மாறவில்லை.

அவர்களுக்குத் தமிழ் பேச வராது. பேசுவது கிரியோல். ஆனால் சமையலறையில் போய்ப் பாருங்கள். முருங்கைக் கீரைக்கு 'ப்ரேத் முரூங்'. கறிவேப்பிலைக்கு 'கலுப்பிலே'. கொத்தமல்லிக்கு 'கொத்தொமிலி'. தெருக்கூத்து மாதிரி ராத்திரி முழுக்க ஆடுவதற்கு 'நார்ல்கோன்'. நாடகம் என்ற சொல்தான் அது. அம்மன் பெயர் 'பாந்தியாலே'. பாஞ்சாலி. திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பது அங்கே டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பல ஊர்களில் நடக்கிறது. நம்ம ஊரில் சித்திரை, ஆடி என்று பார்த்துச் செய்வதை அங்கே புத்தாண்டை ஒட்டி ஏன் வைத்தார்கள்? பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு காரணம் சொன்னார். கரும்பாலை ஓய்கிற காலம் அது, முதலாளி விடுப்புக் கொடுக்கிற காலமும் அதுதான், சாமிக்கு வேறு நாள் கிடைக்கவில்லை என்றார். ஒப்பந்தக் கூலிகளுக்குப் பொங்கலை ஒட்டிச் சில நாள் விடுப்பு தருகிற வழக்கம் இருந்ததாக அவர் பாட்டி சொல்வாராம். அதை அவர் சொல்லிவிட்டு, "இப்போது அது கூட இல்லை" என்று சிரித்தார்.

அந்தப் பெரியவரிடம் பிறகு வருகிறேன். முதலில் பன்னிரண்டாவது விடுமுறையைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்று பாரிசிலிருந்து வந்தது. ஒன்றே ஒன்று அந்தத் தீவின் சொந்த நாள். டிசம்பர் 20. அரசாங்கக் கணக்கில் அடிமை முறை ஒழிப்பு நாள். ஜனங்கள் வாயில் 'ஃபேத் காஃப்'. காஃப் என்றால் ஆப்பிரிக்க வம்சத்தவர்.

கொஞ்சம் சரித்திரம். பிரெஞ்சுப் புரட்சி அரசாங்கம் 1794 பிப்ரவரியிலேயே அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. ஆனால் இந்தியப் பெருங்கடல் தீவுகளின் தோட்ட முதலாளிகள் அதை ஏற்கவில்லை. 1796-இல் சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்த பிரதிநிதிகளை மொரீஷியசிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1802-இல் நெப்போலியன் வந்து பழையபடியே இருக்கட்டும் என்றுவிட்டார். அப்புறம் இன்னும் நாற்பத்தாறு வருஷம். 1848 ஏப்ரல் 27 அன்று விக்தோர் ஷெல்ஷேர் முயற்சியில் மறுபடி ஆணை. காலனிகளில் அறிவித்து இரண்டு மாதத்தில் விடுதலை என்று அதில் வாசகம். ஆணை ஏட்டில் வருவதற்குள்ளேயே மர்த்தினிக்கில் அடிமைகள் கிளர்ந்து எழுந்து மே மாதமே விடுதலையை வாங்கிவிட்டார்கள். ரெயூனியனுக்கு அரசுப் பிரதிநிதி சார்தா கர்ரிகா வந்து சேர்ந்ததே அக்டோபரில். அதிலிருந்து இரண்டு மாதம் எண்ணினால் டிசம்பர் 20. கரும்பு வெட்டும் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

அந்த இரண்டு மாதத்தில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தீவைச் சுற்றி வந்து, விடுதலை வரப்போகிறது, ஆனால் அதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டார். 1849-இல் கர்ரோ என்ற ஓவியர் இந்த நிகழ்ச்சியை வரைந்திருக்கிறார். படத்தில் சார்தா கர்ரிகா ஒரு கையில் விடுதலை ஆணையை வைத்துக்கொண்டு, மறு கையால் உழவுக் கருவிகளைக் காட்டுகிறார். அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், தீவு ஜனங்களில் பாதிக்கும் மேல், அன்றைக்கு விடுதலையானார்கள். நஷ்ட ஈடும் கொடுக்கப்பட்டது. யாருக்கு? முதலாளிகளுக்கு. தலைக்கு எழுநூறு பிராங்குக்கு மேல். விடுதலையானவர்களுக்கு ஒரு குடும்பப் பெயர் மட்டும் பதிவேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வங்கியில் கணக்கு எழுதியவன் என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்ப உறுத்தியது. பற்று எங்கே, வரவு எங்கே என்று பாருங்கள்.

சரி, அப்படிப்பட்ட நாளை உடனே விடுமுறையாக்கினார்களா? இல்லை. 135 வருஷம் ஆனது. இடையில் பெரிய மனிதர்கள் அந்த நாளைக் கொஞ்சம் சங்கடமாகவே பார்த்தார்கள். பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று நினைத்தார்களோ என்னவோ, டிசம்பர் 20-ஐ ஒட்டி லிச்சித் திருவிழா என்று ஒன்றைக் கொண்டாடினார்கள். பழக் கண்காட்சி! லிச்சி நல்ல பழம், நானே கிலோக் கணக்கில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் சங்கிலி அறுந்த நாளில் பழத்தை எடுத்து முன்னே வைப்பது என்ன நியாயம்? மலோயா என்று ஒரு பாட்டு, ஆட்டம் உண்டு. தோட்டத்து அடிமைகளிடம் பிறந்தது. ரூலேர் என்ற பெரிய பீப்பாய் மேளம். கயாம்ப் என்று ஒரு தட்டை வாத்தியம், கரும்புப் பூத்தண்டைத் தட்டி போலக் கட்டி உள்ளே விதை போட்டுக் குலுக்குவது. அந்தப் பாட்டுக்கே 1980 வாக்கில் வரைக்கும் அதிகாரிகளிடம் நல்ல பெயர் கிடையாது. அது சுயாட்சி கேட்கும் கட்சிக்காரர்களின் பாட்டு என்று சந்தேகம். 1983 ஜூன் 30 அன்று பாரிசில் ஒரு சட்டம் வந்து, அடிமை முறை ஒழிப்பை நினைவுகூர ஒவ்வொரு கடல்கடந்த மாவட்டத்துக்கும் ஒரு விடுமுறை என்றது. மர்த்தினிக்குக்கு மே 22, குவாதலூப்புக்கு மே 27, ரெயூனியனுக்கு டிசம்பர் 20. ஒரே விடுதலை, ஊருக்கு ஒரு தேதி. யார் எப்போது விடுதலையானார்களோ அந்தத் தேதி. இது எனக்குப் பிடித்திருந்தது. மலோயாவுக்கு 2009-இல் யுனெஸ்கோ அங்கீகாரமே கிடைத்துவிட்டது.

நான் பார்த்த டிசம்பர் 20 பற்றிச் சொல்கிறேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் எப்படியும் கிடையாது, அங்கே கோடை விடுமுறை தொடங்கியிருக்கும். முந்தின இரவு தீப்பந்தம் எடுத்து ஊர்வலம். அப்புறம் விடிய விடிய மேளம். சேன் தெனி கடற்கரைச் சாலையில் நிற்க இடமில்லை. என் பேத்திக்கு எட்டு வயது. அவள் ஒரு கயாம்பை வாங்கிக்கொண்டு, கறுப்பு, வெள்ளை, சீனம், குஜராத்தி, தமிழ் என்று எல்லாம் கலந்த கூட்டத்தில் போய் ஆட ஆரம்பித்துவிட்டாள். என் மனைவிக்குக் கொஞ்சம் தயக்கம். "இது நம்ம பண்டிகை இல்லையே, நாம ஏன் போகணும்" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார் என்று சொன்னேனல்லவா? அவருக்கு மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் சொன்ன பதிலைத்தான் நான் இங்கே கொண்டுவந்து வைக்க விரும்புகிறேன். "இந்த நாள் இல்லை என்றால் நான் இங்கே இல்லை" என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரித்திரம் அதுதான். 1828-லேயே ஏனாமிலிருந்து சில தெலுங்குக் கூலிகள் போயிருக்கிறார்கள். ஆனால் பெரும் கூட்டமாகக் கப்பல் ஏறியது 1848-க்குப் பிறகு. விடுதலையானவர்கள் பழைய முதலாளியின் தோட்டத்தில் இருக்க விரும்பாமல் மலைப்பக்கம், ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். கரும்புக்கு ஆள் வேண்டும். பிரெஞ்சுக்காரன் கையில் புதுச்சேரி இருந்தது, காரைக்கால் இருந்தது. 1860-61-இல் இங்கிலீஷ்காரனோடு ஒப்பந்தம் போட்டு அவன் எல்லையிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். நடத்தை சரியில்லை என்று 1882-இல் இங்கிலீஷ்காரன் நிறுத்துகிற வரைக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போயிருக்கிறார்கள். அவர்கள் இறங்கியதும் முதலில் தங்கியது க்ராந்த் ஷாலூப் என்ற இடத்தில். கப்பலில் வந்த நோய் ஊருக்குள் பரவாமலிருக்க அடைத்து வைக்கும் கட்டடம். இரண்டு மலைக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, முன்னால் கடல். கட்டடத்தைப் புதுப்பித்துக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று என்னைத் தவிர ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மட்டும் இருந்தார்கள்.

ஆக, டிசம்பர் 20 ஒருவருக்கு வாசல் திறந்த நாள். அந்த வாசலுக்குள் நம்மவரை ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் இழுத்துக்கொண்டதும் அந்த நாளின் விளைவுதான். பெரியவர் இரண்டையும் சேர்த்தே சொன்னார் என்று நினைக்கிறேன்.

இப்போது பேத்தி விஷயம். தீபாவளிக்கு அவள் பள்ளிக்கூடம் போனாள். என் மகளுக்கும் ஆபீஸ். தீபாவளியை அங்கே கொண்டாடவில்லை என்று நினைக்காதீர்கள். சேன் ஆந்த்ரே என்ற ஊரில் நகராட்சியே முன்னின்று நடத்துகிறது, ஊர்வலம், விளக்கு, வாணவேடிக்கை எல்லாம் உண்டு. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து அலகு குத்திக்கொள்கிறவர்களை நான் பார்த்தேன், நம்ம ஊரில் கூட அவ்வளவு சுத்தமாக விரதம் இருக்கிறார்களா என்பது சந்தேகம். குஜராத்திலிருந்து போன முஸ்லிம்களுக்கு 1905-இல் கட்டிய பெரிய மசூதி நகர நடுவில் இருக்கிறது, ரம்ஜானுக்கு அந்தத் தெருவே மணக்கும். சீனர்களுக்கு அவர்கள் புத்தாண்டு. எல்லாவற்றுக்கும் கூட்டம் உண்டு, மேயர் உண்டு, டிவி உண்டு. விடுமுறை மட்டும் இல்லை. வேண்டுமானால் சொந்த விடுப்பிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தருவதும் தராததும் மேலே இருப்பவர் மனசு.

பக்கத்து வீடான மொரீஷியசில் கதை வேறு. தைப்பூசம், சிவராத்திரி, விநாயக சதுர்த்தி, தீபாவளி, ரம்ஜான், சீனப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ் எல்லாம் அரசாங்க விடுமுறை. அடிமை ஒழிப்புக்கு பிப்ரவரி 1, ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கியதற்கு நவம்பர் 2 என்று தனித்தனியாக. அதே கரும்பு, அதே கப்பல், அதே ஜனங்கள், 200 கிலோமீட்டர் தூரம்.

2015-இல் பாரிஸ் பாராளுமன்றத்தில் இது பேச்சுக்கு வந்தது. கடல்கடந்த மாவட்டங்கள் விரும்பினால் தேவாலயத்து விடுமுறைகளில் சிலவற்றை எடுத்துவிட்டு உள்ளூர்ப் பண்டிகையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். தீவில் பெரிய விவாதம். கத்தோலிக்கர்கள் தங்கள் நாள் போகிறதே என்று வருந்தினார்கள். அதில் பாதி மல்பார்களும் சேர்ந்துதான் வருந்தினார்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போகிற குடும்பங்கள் அங்கே ஏராளம். ஆகஸ்டு 15-க்கு கறுப்பு மாதா கோயிலில் போய்ப் பார்த்தால் யார் எந்த மதம் என்று கண்டுபிடிக்க முடியாது. கடைசியில் அந்தப் பட்டியலில் எதுவும் மாறவில்லை. இன்றைக்கும் அதே பதினொன்று, கூட ஒன்று.

வீட்டிலேயே இதில் இரண்டு கட்சி. மாப்பிள்ளை சொல்கிறார்: "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும், அப்புறம் வருஷம் முழுக்க லீவுதான். பண்டிகைக்கு அரசாங்க முத்திரை எதுக்கு மாமா?" மகள் கேட்கிறாள்: "அப்போ ஈஸ்டர் திங்களுக்கு மட்டும் ஏன் முத்திரை?" அல்சாஸ் பகுதியில் பழைய ஜெர்மானியச் சட்டத்தை வைத்துப் புனித வெள்ளிக்கும் டிசம்பர் 26-க்கும் கூடுதல் விடுமுறை இருக்கிறது, பிரான்ஸ் அதனால் இடிந்து விழுந்துவிடவில்லையே என்கிறாள். நான் மகள் கட்சி. பெற்றவன் என்பதால் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பேத்தியின் டீச்சர், எல்லாரும் விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொல்வார்களாம். கிறிஸ்துமஸ் பற்றி எழுதியிருக்கிறாள், டிசம்பர் 20 பற்றி எழுதியிருக்கிறாள். தீபாவளி பற்றி எழுத அவளுக்கு வாய்ப்பே வரவில்லை. லீவு இல்லாத நாளைப் பற்றி யார் கட்டுரை எழுதச் சொல்வார்கள்? பெரியவர் மட்டும் இரண்டு கட்சியிலும் சேரவில்லை. இருக்கிற டிசம்பர் 20-ஐ ஒழுங்காகக் கொண்டாடினால் போதும், அதில் நாங்களும் இருக்கிறோம் என்று சொல்லிக்கொடுங்கள் என்றார். நான் அதற்கு உடன்படவில்லை. ஆனால் அதைச் சொல்ல அவருக்கு என்னைவிட உரிமை அதிகம்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார். ஒரே ஒரு விஷயம் சொல்லி இறங்கிவிடுகிறேன். ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் அந்தப் பெரியவர் ஒரு காகிதத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பூட்டனார் அங்கே இறங்கியபோது பதிவேட்டில் எழுதியது. ஒரு எண், பெயர் முத்துசாமி, தகப்பன் பெயர், வயது பத்தொன்பது, கப்பல் ஏறிய துறைமுகம் காரைக்கால், ஜில்லா தஞ்சாவூர். ஊர்ப் பெயரை பிரெஞ்சு எழுத்தில் 'திரு' என்று தொடங்கியிருக்கிறார்கள். மீதியைப் பூச்சி அரித்துவிட்டது. கடைசியில் ஒரு 'ஊர்' மட்டும் தெரிகிறது. திருவில் தொடங்கி ஊரில் முடிகிற கிராமங்கள் பழைய தஞ்சை ஜில்லாவில் எத்தனை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு அந்தக் கணக்கு தெரியாது, நான் போனால் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பிக் கொடுத்திருக்கிறார். நாலு ஊர் போய்ப் பார்த்துவிட்டேன். நகல் என் பையில் இருக்கிறது. நம் முன்னாள் மாணவர்களில் அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள், பழைய கிராமப் பெயர்கள் தெரிந்தவர்கள், வரலாற்றுத் துறை மாணவர்கள், சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் மூன்றாவது பந்தியில் இருப்பேன்.